பனி போன பிறகு கூட்டின நாட்கள்

ஏப்ரல் 7, ஸ்காபரோ, கனடா

பனி முழுக்கக் கரைந்துவிட்டது. மாரி முழுவதும் பார்க்கிங்கில் கொட்டின உப்பும் மணலும் சல்லியும் இப்போதுதான் வெளியே கிடக்கின்றன. இந்த வருஷம் கூட்டும் மெஷின் என் கைக்கு வந்திருக்கிறது. பின்னால் நடந்தபடி ஓட்டுவது. முன்னால் உருளைப் பிரஷ், பெற்றோல் எஞ்சின். கைப்பிடியில் சில்லுக்கு ஒரு லீவர், பிரஷுக்கு ஒன்று. கையை விட்டால் இரண்டும் நிற்கவேண்டும். போன வருஷம் யாரோ கை நோகுது என்று பிரஷ் லீவரை ஒட்டுநாடா சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். எஞ்சினைத் தொடுமுன் அதைத்தான் சுரண்டி எடுத்தேன். நான் தடுக்கி விழுந்தால் அந்தப் பிரஷ் என்னோடு சேர்ந்து நிற்கவேண்டும்.

ஏப்ரல் 8

பிளாசா பார்க்கிங். தார்த் தளம். பிரஷை எவ்வளவு இறக்குவது என்று அண்ணை காட்டித் தந்தார். தூசி படிந்த இடத்தில் மெஷினை நிறுத்தி, நகராமல் பிரஷை மட்டும் சில விநாடி சுற்றவிட்டுப் பின்னுக்கு எடுத்தால், தரையில் துப்புரவான ஒரு பட்டை தெரியும். நாலு விரல் அகலம் போதும். எங்களுடையது ஒரு சாண் இருந்தது.

"தம்பி, தும்பின்ர நுனிதான் கூட்டும். அமத்தினா மடிஞ்சுபோய்த் தேயும், குப்பை அப்பிடியே கிடக்கும்."

பட்டை ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கினால் பிரஷ் சரிந்து நிற்கிறது என்று அர்த்தம். ஏற்றிவிட்ட பிறகு மெஷின் கைக்கு இலேசாக வந்தது.

ஏப்ரல் 9

காற்று. எதிர்க்காற்றில் ஒரு வரிசை ஓட்டினேன், கண்ணாடிக்குள்ளும் மண். பிறகு காற்று போகும் பக்கமே பிரஷைச் சரித்து, காற்றோடு தள்ளினேன். இந்தத் தூசியைச் சும்மா தூசி என்று விடமுடியாது. மணல் அரைபட்டு வரும் சிலிக்கா கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். ஒன்ராறியோவில் சட்டம் தனியாகப் பெயர் குறித்துக் கட்டுப்படுத்தும் 11 பொருட்களில் அதுவும் ஒன்று. மூக்கில் என்95 இல்லாமல் இனி எஞ்சினை இழுக்கப் போவதில்லை.

மதியத்துக்குப் பிறகு தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டினோம். ஊரில் அம்மா முற்றத்துக்குத் தண்ணீர் தெளிக்காமல் ஈர்க்குமாற்றைக் கையில் எடுத்ததே இல்லை. தெளிக்கவேண்டும், ஊற்றக்கூடாது. ஊற்றினால் சேறாகிப் பிரஷில் அப்பும்.

ஏப்ரல் 11

இன்று ஒரு வான் வண்டியின் கண்ணாடி உடைந்தது. என் கையால்.

பார்க்கிங்கின் பின்பக்கம் தார் முடிந்து சல்லிக்கல் தொடங்குகிறது. தாருக்கு வைத்த அதே வேகம், அதே தாழ்வு. லீவரை விடாமல் இரண்டடி சல்லிக்குள் போய்விட்டேன். ஒரு விநாடிதான். பிரஷ் வலப்பக்கம் சரிந்திருந்தது, அந்தப் பக்கம் வான் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பின் சீற்றில் ஒரு குழந்தை இருக்கை, உள்ளே யாரும் இல்லை. பெல்ட் மடிப்புக்குள் எல்லாம் அரிசி போலக் கண்ணாடித் துண்டுகள். சொந்தக்காரருக்கு நானே சொன்னேன். பேசவில்லை, அந்த இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 12

நித்திரை இல்லாமல் யோசித்தது: தாரிலும் சரி சல்லியிலும் சரி, ஓட்டத் தெரியாமல் நான் பிழைவிடவில்லை. தளம் மாறுகிற கோட்டில் விட்டேன். இனி அந்தக் கோடு வந்தால் லீவரை விட்டு, பிரஷ் நின்ற பிறகு ஏற்றி, எஞ்சின் வேகத்தைக் குறைத்து, எறியும் பக்கம் வெறுமையா என்று பார்த்துத்தான் அடுத்த அடி. சல்லியில் பிரஷ் மேற்கல்லைத் தடவினால் போதும், கிண்டக்கூடாது. வேலை தொடங்குமுன் எல்லா இடமும் ஒருமுறை வெறுங்கையோடு நடந்து பார்க்கிறேன்: மூடி உயர்ந்த மேன்ஹோல், பனியில் வெடித்த தார், கம்பித் துண்டு.

ஏப்ரல் 14

புதுவருஷம். காலையில் கோயில், பதினொரு மணிக்கு வேலை. இன்டர்லொக் கல் பதித்த முற்றம். இடுக்கு மணலைப் பிரஷ் இழுத்துவிடும், அதனால் இலேசாக, மூலைவாட்டில்.

ஏப்ரல் 17

புல்தரை. பனி தள்ளும் லொறி வீசின சல்லி ஓரமெல்லாம் கிடக்கிறது. ஈரமாக இருந்ததால் காலையில் தொடவில்லை. ஈரப்புல்லில் சில்லு வழுக்கும், புல் வேரோடு வரும். காய்ந்த பிறகு பிரஷை உயர்த்தி, மெதுவாக இரண்டு மூன்று தரம். சரிவில் திருப்பவில்லை, கீழே சமதரைக்கு வந்துதான் திருப்பினேன். பின்னுக்கு எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 22

ஒரு தொடர்மாடியின் பொறுப்பாளர் நிலக்கீழ்ப் பார்க்கிங்கையும் கூட்டச் சொன்னார். "பத்து நிமிஷ வேலைதானே, கதவைத் திறந்துவிடுறன்." பெற்றோல் எஞ்சின் கக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கதவு திறந்திருந்தாலும் உள்ளே தேங்கும். மாட்டேன் என்றேன். ஆபத்தான வேலையை மறுக்க இங்கே சட்டத்தில் உரிமை இருக்கிறது. பற்றரி மெஷின் வந்தால் கூட்டித் தருகிறேன் என்றேன்.

பின்னேரம் பிரஷில் வயர் சுற்றிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, உருளை அசையாமல் நின்ற பிறகே கை வைத்தேன். வெட்டி எடுக்க அரை மணித்தியாலம்.

ஏப்ரல் 28

வேலைத்தலத்தில் இறந்தவர்களையும் காயப்பட்டவர்களையும் கனடா நினைக்கும் நாள். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் கொடி அரைக்கம்பத்தில். புதிதாக ஒரு பெடியன் வந்திருக்கிறான், மெஷினை அவனுக்குப் பழக்குகிறேன். தார் முடிகிற கோட்டைச் சுண்ணக்கட்டியால் கீறிக் காட்டினேன். முதல் தரம் தாண்டிவிட்டான். இரண்டாம் தரம் நான் வாய் திறக்குமுன் லீவரை விட்டான். பிரஷ் நின்றது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.