சிம்ப்சன்: நடுவில் வரும் அந்த 'ப்'

சைமன் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் சிம். சிம்மின் மகன் சிம்சன். 'ம்' சொல்லும்போது உதடு மூடியிருக்கும். உதடு திறக்கும் முன்பே மூக்கு வழி அடைபட்டால், 'ஸ்' வருவதற்குள் ஒரு 'ப்' தானாக வெடித்துவிடும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தாம்சன் தாம்ப்சன் ஆனதும் இப்படித்தான்.

தமிழில் இந்த 'ப்'பை விட்டு எழுதினால் ஆளே மாறிவிடுகிறார். வடிவியலில் வரும் சிம்சன் கோடு, கிளாஸ்கோ பேராசிரியர் ராபர்ட் சிம்சனின் பெயரில் இருப்பது. (அதை முதலில் வெளியிட்டவர் வில்லியம் வாலஸ்.) வளைந்த எல்லை கொண்ட இடத்தின் பரப்பளவைக் கணக்கிடும் விதிக்குரியவர் தாமஸ் சிம்ப்சன். 1710இல் மார்க்கெட் பாஸ்வொர்த்தில் நெசவாளி மகனாகப் பிறந்து, தறியில் உட்கார்ந்தவர். தானாகவே கணிதம் படித்து 1743இல் வுல்விச் ராணுவ அகாடமியில் பேராசிரியர் ஆனார்.

அவர் விதியை சர்வே வேலையில் வைத்துப் பார்ப்போம். 10 மீட்டருக்கு ஒன்றாக எடுத்த ஆஃப்செட்டுகள் (நேரான அளவுக் கோட்டிலிருந்து எல்லை வரையுள்ள செங்குத்துத் தூரங்கள்) 3.0, 4.2, 5.1, 4.8, 3.6 மீட்டர். முதலும் கடைசியும் கூட்டினால் 6.6. இரண்டாவது, நான்காவது: 9.0; நான்கால் பெருக்க 36. நடுவில் உள்ளது 5.1, இரண்டால் பெருக்க 10.2. மொத்தம் 52.8. இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கால், அதாவது 10/3ஆல் பெருக்கினால் 176 சதுர மீட்டர். சரிவக விதியில் 174தான் வரும். அது வெளிப்புறம் வளைந்த எல்லையை நேர்கோடாக வெட்டிவிடுகிறது.

4, 2 இடம் மாறுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மேலே உள்ள கணக்கில் மாற்றினால் 150 வரும், 26 சதுர மீட்டர் போய்விடும். பெருக்கிய எண்களைக் கூட்டிப் பாருங்கள்: 1+4+2+4+1 = 12. ஆஃப்செட்டுகளுக்கு இடைப்பட்ட பட்டைகள் நான்கு, அதன் மூன்று மடங்கும் 12. கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்றால் எங்கோ தவறு. பட்டைகள் இரட்டைப்படையில் இல்லாவிட்டால் கடைசிப் பட்டையை மட்டும் சரிவகமாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். கடைசி ஆஃப்செட் பூஜ்யமாக இருந்தாலும் அதையும் ஓர் ஆஃப்செட்டாக எண்ண வேண்டும். இந்த விதி எல்லையைப் பரவளைய வளைவாக எடுத்துக்கொள்கிறது; எல்லை திடீரென முறியும் இடத்தில் பரவளையம் பொருந்தாது. அங்கே கணக்கை இரண்டாகப் பிரிப்பதே நல்லது.

இந்த விதி அவருக்கு முன்பே கெப்ளருக்கும் ஜேம்ஸ் கிரிகரிக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சமன்பாட்டுக்குத் தீர்வு காண நியூட்டன் முறை என்று நாம் போடும் கணக்கில் வகைக்கெழுவால் வகுத்துத் திரும்பத் திரும்பத் திருத்தும் வடிவத்தை 1740இல் எழுதியவர் சிம்ப்சன். பாடம் நடத்துகிறவர்கள் அங்கேயும் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம், 'ப்'போடு.