மொய் நோட்டு கேட்ட இன்டர்வியூ

வேலை தேடும் தளங்களில் பயோடேட்டாவை ஏற்றிய மறுநாளே போன் வந்தால், பெரும்பாலும் அது இன்சூரன்ஸ் விற்பனை வேலைக்காகத்தான் இருக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் நிச்சயம். கணக்குப் பிரிவில் பல வருடம் நான் வேலை பார்த்த கம்பெனி சென்னை அலுவலகத்தை மூடிய பிறகு, அந்த போன்களை நம்பி அண்ணா சாலை, தி.நகர், அண்ணா நகர் என்று பல படிகள் ஏறி இறங்கியிருக்கிறேன். போனில் சொல்லும் பதவியின் பெயர் ஒவ்வொரு தடவையும் மாறும். பிசினஸ் அசோசியேட் என்பார்கள், பைனான்ஷியல் கன்சல்டன்ட் என்பார்கள், ஏஜென்சி லீடர் என்பார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "நேர்ல வாங்க சார், மேனேஜர் பேசுவார்."

அந்த மேனேஜர் என் பயோடேட்டாவைப் பார்த்ததே இல்லை. கடைசியாக எங்கே வேலை, எத்தனை பேரை நிர்வகித்தீர்கள், டேலி தெரியுமா, ஜி.எஸ்.டி. தெரியுமா என்று எதுவும் கிடையாது. சொந்த வீடா வாடகை வீடா, சொந்த ஊர் எது, சென்னையில் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், மனைவி வேலைக்குப் போகிறாரா, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்? இவைதான் கேள்விகள். எனக்கு எத்தனை பேரைத் தெரியும், அவர்களில் எத்தனை பேரிடம் பணம் இருக்கும் என்பதை அளக்கும் கேள்விகள் அவை.

ஓர் அலுவலகத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர் அந்த மேனேஜர். மரியாதையாகத்தான் பேசினார். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து ஸ்கேலால் கோடு போட்டு ஐந்து கட்டமாகப் பிரித்தார். சொந்தக்காரர், பழைய ஆபீஸ், அக்கம்பக்கம், கூடப் படித்தவர்கள், பிள்ளைகளின் நண்பர்களுடைய பெற்றோர் என்று தலைப்பு எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். "நூறு பேர் எழுதுங்க சார். யோசிக்காம எழுதுங்க." நாற்பது பெயரைத் தாண்டியதும் என் பேனா நின்றுவிட்டது. "வீட்ல கடைசியா என்ன விசேஷம் சார் நடந்தது?" என்றார். தங்கை மகளின் சடங்கு என்றேன். "அப்போ மொய் நோட்டு இருக்குமே! அதைக் கொண்டு வந்துட்டா போதும் சார். பேர், ஊர், அவங்க எவ்வளவு செஞ்சாங்க எல்லாம் அதுலயே இருக்கும்."

மொய் நோட்டு எங்கள் வீட்டில் பீரோவுக்குள் பத்திரத்தோடு இருக்கிறது. யார் வீட்டு விசேஷத்துக்கு நாம் என்ன திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்கான கணக்கு அது. உறவுக்காரர் ஒருவர் தங்கை மகளுக்கு ஐந்நூறு எழுதியது, பின்னாளில் அவரிடம் போய் இருபது வருட பாலிசி கேட்பதற்காக இல்லை. அந்த இளைஞர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குச் சம்பளம் உண்டு, ஆனால் மாதம் இத்தனை பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்ற டார்கெட்டும் உண்டு. நான் அவரிடம் வேலை கேட்டுப் போயிருந்தேன். அவருக்கோ அந்த மாதக் கணக்கில் ஓர் ஆள் நான்.

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் புரியும். புதிதாக வரும் ஏஜென்ட், முதல் சில பாலிசிகளைத் தன் வீட்டுக்கும், அண்ணன் தம்பிக்கும், நெருங்கிய நண்பருக்கும் போடுவார். பட்டியல் தீர்ந்ததும் வருமானம் நின்றுவிடும். அவர் விலகிவிடுவார். கம்பெனிக்கு அந்தப் பாலிசிகள் மிஞ்சும். அப்புறம் இன்னொருவரைச் சேர்க்க வேண்டும், அவருடைய பட்டியலை வாங்க வேண்டும். போட்டவர் போய்விட்டதால் கவனிக்க ஆளில்லாமல் நிற்கும் பாலிசிகளை இந்தத் துறையில் ஆர்பன் பாலிசி என்றே சொல்கிறார்கள். ஆர்பன் என்றால் அநாதை. தனியாகப் பெயர் வைக்கும் அளவுக்கு அது சகஜமாகிவிட்டது.

ஏஜென்ட்டுக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்தான். அது எவ்வளவு வரும் என்று இன்டர்வியூவில் யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை, அதனால் நானே போட்டேன். எல்.ஐ.சி. 2024 அக்டோபரில் முதல் வருட கமிஷனை 35 சதவீதத்திலிருந்து 28 ஆகக் குறைத்து, அடுத்தடுத்த வருடப் பிரீமியங்களுக்குக் கிடைக்கும் புதுப்பிப்பு கமிஷனை 5-லிருந்து 7.5 சதவீதமாக ஏற்றியதாகச் செய்திகள் வந்தன. அந்த விகிதத்தையே வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபாய், அதாவது வருடம் 24,000 ரூபாய் பிரீமியம் கட்டும் ஒரு பாலிசிக்கு முதல் வருடம் ஏஜென்ட்டுக்கு வருவது 6,720 ரூபாய். அடுத்த வருடம் 1,800. மாதம் 25,000 ரூபாய் கைக்கு வர வேண்டுமானால் ஒவ்வொரு மாதமும் புதிதாக நான்கு குடும்பங்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். பெட்ரோல், போன், டீ எல்லாம் நம் கையிலிருந்துதான். ஒரு குடும்பத்துக்கு உண்மையிலேயே உதவக்கூடிய, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசிக்குப் பிரீமியம் குறைவு, ஆகவே கமிஷனும் குறைவு. இதற்கு நடுவில் சொந்தக்காரரே, "முதல் பிரீமியத்துல உன் கமிஷனைக் கழிச்சுக்கோயேன்" என்பார். அப்படிக் கழித்துக் கொடுப்பது 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி குற்றம், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நான் போன எந்த இன்டர்வியூவிலும் இதை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

ஏஜென்ட் ஆவதற்கு ஒரு தேர்வு எழுத வேண்டும், அதற்குக் குறைந்தபட்சப் படிப்பு பத்தாம் வகுப்பு. ஐ.சி. 38 என்ற அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். முன்பு ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் கொடுத்தது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம். இப்போது கம்பெனியே நியமித்துக்கொள்கிறது. இதில் கையில் கிடைப்பது ஏஜென்ட் கோடு என்ற ஓர் அடையாள எண். பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. நாளைக்கு வீட்டுக் கடனுக்கு வங்கியில் போய் நின்றால் இதன் அர்த்தம் விளங்கும்.

ஆள் சேர்ப்பதற்காக பி.ஓ.பி. என்று ஒரு கூட்டம் நடத்துவார்கள். இருபது முப்பது பேரை ஒரே ஹாலில் உட்கார வைத்து, வெளிநாட்டுச் சுற்றுலாப் படங்களும் கார் சாவி வாங்கும் படங்களும் காட்டுவது. அப்படி ஒரு ஹாலில் எனக்குப் பக்கத்தில் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பி.காம். முடித்து அதிக நாள் ஆகவில்லை. மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதில் பத்தாம் வகுப்பு முதல் எல்லா மார்க் ஷீட்டும் வரிசையாக. விடியற்காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் எழுந்து, "சார், மாசச் சம்பளம் எவ்வளவு?" என்றாள். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "சம்பளத்துக்கு ஒரு எல்லை இருக்கும்மா, நம்ம வருமானத்துக்கு எல்லையே கிடையாது" என்றார். முன்வரிசையில் கைதட்டினார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். "இல்ல சார், ஹாஸ்டலுக்குக் கட்டணும்" என்றாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

எனக்கு இப்போதும் கோபம் வருவது அந்த இடத்தில்தான். அந்தப் பெண்ணுக்குச் சென்னையில் ஒரு மனிதரைத் தெரியாது. ஊரில் அவள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் மழையைப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள். அவளை வரச் சொன்னவருக்கு இது போனிலேயே தெரியும். ஒரு நிமிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் காசும் ஒரு நாளும் மிஞ்சியிருக்கும்.

ஏஜென்ட் தொழிலை நான் மட்டமாக நினைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் இறந்தபோது, நாமினி பெயரில் இருந்த எழுத்துப் பிழையைச் சரிசெய்ய அந்த அம்மாவோடு திரும்பத் திரும்ப அலைந்து பணம் வாங்கிக் கொடுத்தது அவர்களுடைய ஏஜென்ட்தான். அதற்காக அவருக்குப் புதிதாக ஒரு ரூபாய் வரவில்லை. எல்.ஐ.சி.யில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிராஜுவிட்டியும் உண்டு, 2023-ல் அதன் வரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக ஏற்றினார்கள். பத்திருபது வருடம் நிலைத்து நின்றவருக்குப் புதுப்பிப்பு கமிஷன் சேர்ந்து சேர்ந்து நல்ல வருமானமாகிவிடும். நிலைத்து நிற்கும்வரை வீட்டில் அடுப்பெரிய வேறு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை எனக்கு வெளிப்படையாகச் சொன்ன ஒரே ஒருவர் தாம்பரத்தில் இருந்த ஒரு மூத்த மேனேஜர். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வருமானமே இல்லாம ஒரு வருஷம் குடும்பம் ஓடுமா சார்?" ஓடாது என்றேன். "அப்போ இப்ப வேண்டாம். ஒரு வேலையைப் பிடிங்க. சாயங்காலத்துல, லீவு நாள்ல இதைச் செஞ்சு பாருங்க. பிடிச்சா முழுசா வாங்க" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவருக்கும் டார்கெட் இருந்திருக்கும்.

பின்னால் அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு, ஆனால் ஒன்றாம் தேதி வருகிறது. தெரிந்தவர்களின் பிள்ளைகள் இப்படி இன்டர்வியூ வந்திருக்கிறது என்று போன் செய்தால், புறப்படுவதற்கு முன்பே மூன்று விஷயம் கேட்கச் சொல்கிறேன். நியமனக் கடிதம் தருவீர்களா, ஏஜென்ட் கோடா? நிலையான சம்பளம் என்றால் எத்தனை பாலிசி போட்டால் அது வரும், போடாவிட்டால் என்ன ஆகும்? பி.எஃப். பிடிப்பீர்களா? நேரில் வாங்க என்று மழுப்பினால் போக வேண்டாம்.

2024 டிசம்பரில் தொடங்கிய எல்.ஐ.சி.யின் பீமா சகி திட்டத்தில், பெண்களுக்கு முதல் வருடம் மாதம் 7,000, இரண்டாம் வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்றும், அதற்கு முதல் வருடத்தில் இத்தனை பாலிசி முடிக்க வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். தொகை சின்னதுதான். ஆனால் சேருகிறவர் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். வேலைத் தளங்களில் வரும் விளம்பரங்களும் இதைச் செய்ய வேண்டும். "இது கமிஷன் மட்டும், மாதச் சம்பளம் இல்லை" என்று முதல் வரியில், பதவியின் பெயர் எவ்வளவு பெரிதோ அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அதைப் படித்துவிட்டும் வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள்தான் இந்தத் தொழிலில் நிற்கக்கூடியவர்கள்.