கார்பன் கத்தியும் வாழைப்பூவும்: மூன்று மாதக் கணக்கு

பாரிஸில் இருக்கும் அத்தை மகன், ஊருக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டான். ஓபினெல் மடக்குக் கத்தி, எட்டாம் நம்பர் என்றேன். அலகில் 'கார்போன்' என்று, அதாவது கார்பன் எஃகு என்று, பொறித்திருக்க வேண்டும், 'இனாக்ஸ்' என்றிருந்தால் அது எவர்சில்வர், வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். துருப்பிடிக்கிற கத்தியைக் கேட்டு வாங்குகிற ஆளை அவன் பார்த்ததில்லையாம்.

1890-இல் பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்ற பட்டறைக்காரர் மகன் செய்து பார்த்த கத்தி இது. 1897-லேயே ஒன்று முதல் பன்னிரண்டு வரை அளவு வைத்துவிட்டார்கள். எட்டாம் நம்பருக்கு அலகு எட்டரை சென்டிமீட்டர், என் உள்ளங்கைக்குச் சரியான அளவு. பீச் மரப் பிடி, கழுத்தில் ஒரு பூண், அதன்மேல் திருகிப் பூட்டும் வளையம். இந்த வளையம் 1955-இல்தான் வந்தது.

அலகு துருப்பிடிக்குமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். முதலில் மக்கர் செய்தது பிடி. தப்பு என்னுடையதுதான். ஐப்பசி மழை நேரம், கொய்யா நறுக்கிவிட்டுக் குழாயடியில் கழுவி, மடக்கி, ஈரத்தோடு தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் கத்தி திறக்கவில்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம். மரத்தை நடுவில் அறுத்த பிளவுக்குள்தான் அலகு மடங்குகிறது. மரம் தண்ணீரைக் குடித்து ஊதினால் பிளவின் இரண்டு சுவரும் அலகைக் கவ்விக்கொள்ளும். இதற்குச் சவோய்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் வால் பக்கத்தை மேசையில் 'டொக்'கென்று தட்டினால் அலகின் முனை வெளியே எட்டிப் பார்க்கும். நாலாவது தட்டில் வந்தது. அப்புறம் வெயிலில் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவைத்தேன். வெயிலில் வைத்தால் பிடி வெடித்துவிடுமோ என்று பயம்.

அடுத்த வேலை எண்ணெய். 320 நம்பர் உப்புத்தாளால் வார்னிஷைத் தேய்த்து எடுத்தேன். தாளை மடித்துப் பிளவுக்குள்ளும் விட்டுத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் காயாது, ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும் என்பதால் அதைத்தான் எடுத்தேன். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீடில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்பு சேர்ப்பார்கள், சமையல் கத்திக்கு வேண்டாம். செக்கில் ஆட்டியதே போதும், பொறுமைதான் வேண்டும். முதல் தடவை தாராளமாகப் பூசிவிட்டு, ஒரு வாரம் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. திரும்பத் தேய்த்து எடுத்தேன். அதன்பின் மெல்லப் பூசி, இருபது நிமிஷத்தில் அழுந்தத் துடைத்து, நாள் விட்டு நாள் ஐந்து தடவை. துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.

சரி, அலகுக்கு வருகிறேன். எலுமிச்சை நறுக்கிப் பத்து நிமிஷம் மறந்ததில் செங்கல் நிறத்தில் நாலு புள்ளி. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது. வாழைப்பூ ஆய்ந்த அன்று வேறு கதை. பாதிப் பூ முடிவதற்குள் அலகு கருநீலம், என் விரலும் கறுப்பு. கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை செய்தார்களே, அதே சங்கதிதான். பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. அம்மா எட்டிப் பார்த்தார். "இதுக்குத்தான் பிரான்ஸ்லேர்ந்து வரவழைச்சியா? அருவாமனையும் இப்படித்தாண்டா கறுக்கும். அறுத்ததும் துடைச்சு வைன்னு சொன்னா கேட்டாத்தானே."

அந்தக் கறுப்பை நான் எடுக்கவில்லை. அது படிந்த பிறகு செந்துரு லேசில் ஏறுவதில்லை. முதல் இரண்டு வாரம் வெங்காயத்தில் இரும்பு வாசம் அடித்தது, இப்போது இல்லை. மாங்காய் பட்ட இடம் மட்டும் மயில் கழுத்து மாதிரி மின்னுகிறது. வெட்டி முடித்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான் அலகுப் பராமரிப்பு.

சாணை இன்னும் கைவரவில்லை. ஆயிரம் நம்பர் கல்லில் தேய்க்கிறேன். எஃகு கல்லோடு சண்டை போடுவதில்லை, ஐந்து நிமிஷத்தில் கூர் விளிம்பின் மறுபக்கம் மெல்லிய எஃகுப் பிசிறு எழும்பிவிடுகிறது. பழைய தோல் பெல்ட்டில் இழுத்தால் தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்குகிறது. ஆனால் முனைப் பக்கம் வளைவில் கையைத் தூக்கிவிடுகிறேன் போல, அங்கே மட்டும் மழுங்கல். கூர் விளிம்பில் மார்க்கர் பேனா தீட்டிப் பார்த்ததில், முனையில் ஒரு சென்டிமீட்டருக்குக் கல்லே படவில்லை என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறு அந்த ஒரு சென்டிமீட்டர்தான்.

கத்தி இப்போது பாதி நாள் அம்மாவிடம்தான் இருக்கிறது. முழுக்க மடக்காமல் பாதி திறந்து, பிளவு கீழே பார்க்க ஜன்னல் திண்டில் சாய்த்து வைக்கிறார், உள்ளே ஈரம் நிற்காமல் இருக்க. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.