குக்ஸ் குடாவில் இறக்குமுன்: 14 அடி வள்ளத்தோடு ஐந்து சனிக்கிழமைகள்

எங்களிடம் இருப்பது றிவெற் அடித்த 14 அடி அலுமினிய வள்ளமும், அதன் பின்பலகையில் பூட்டிய 20 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சினும்தான். மே தொடக்கம் ஒக்டோபர் வரை கனடாவின் ஒன்ராறியோவில், சிம்கோ ஏரியின் தென்முனையிலுள்ள குக்ஸ் குடாவில் மீன்பிடிக்கவும் பிள்ளைகளை ஏற்றிக் கரையோரமாகச் சுற்றிவரவும் பயன்படும் இந்த வள்ளம், மீதி மாதங்களில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு ட்றைவ்வேயில் ட்ரெயிலரின் மேல் தார்ப்பாயால் மூடிக் கிடக்கும். 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு அதைத் தயார்செய்யும் வேலையை ஏப்ரல் 12ஆம் திகதி தொடங்கினேன். மே மாதம் வரும் விக்ரோறியா தின விடுமுறையில் தண்ணீரில் இறக்க வேண்டும் என்பது திட்டம். இரண்டு சனிக்கிழமைகள் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன், ஐந்து பிடித்தன.

அதற்கான காரணம் முந்திய நவம்பரில் இருக்கிறது. வள்ளத்தை மூடி வைக்கும்போது செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றை நான் ஒழுங்காகவே செய்திருந்தேன். பெற்றோல் தாங்கியில் நிலைப்படுத்தும் திரவத்தைக் கலந்து, அந்தப் பெற்றோல் காபரேற்றர் வரை போய்ச் சேர எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். ஒன்ராறியோவில் விற்கும் சாதாரண பெற்றோலில் எதனோல் கலந்திருப்பதால், மாதக்கணக்கில் கிடந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் அளவுக்கு மிஞ்சினால் எதனோலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் ஒயிலை மாற்றினேன், சிலிண்டருக்குள் பாதுகாப்பு எண்ணெய் தெளித்தேன், பற்றரியைக் கழற்றி நிலவறையில் வைத்தேன். எஞ்சினைச் சாய்த்து வைக்காமல் நேராக நிறுத்தி, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் வடிய விட்டேன். வள்ளத்தின் முன்பக்கத்தை உயர்த்தி, அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி, இரண்டுக்கு நான்கு மரச்சட்டத்தால் வீட்டு முகடு போல ஒரு கூரை கட்டி, அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். சட்டம் இல்லாமல் வெறுமனே போர்த்திய ஆண்டில் பனி நடுவில் குவிந்து பாயைக் கிழித்திருந்தது.

நான் விட்டது ஒன்றே ஒன்று: புறொப்பெல்லருக்கு முன்னாலுள்ள கியர் பெட்டியின் எண்ணெயை மாற்றவில்லை. கை விறைக்கும் குளிர், பொழுதும் பட்டுவிட்டது, சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதற் சனிக்கிழமை தார்ப்பாயைக் கழற்றுவதிலும் எலியோடு கணக்குத் தீர்ப்பதிலும் போனது. முன் இருக்கையின் கீழுள்ள பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. கூட்டின் மெத்தை எங்கள் மூன்று உயிர்காப்பு அங்கிகளின் உள்நுரை. ஒன்றில் விரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. தைத்துவிடலாம் என்றே கை போனது. ஆனால் கனடாவின் விதிப்படி, கிழிந்ததையோ தைத்துத் திருத்தியதையோ அங்கீகாரம் பெற்ற அங்கியாகக் கணக்கில் எடுக்க முடியாது. மே மாதத்தில் சிம்கோவின் தண்ணீர் குளிரில் மூச்சை அடைக்கும். விதி இல்லாவிட்டாலும் எலி தின்ற அங்கியைப் பிள்ளைக்கு மாட்ட மனம் வராது. மூன்றையும் குப்பையில் போட்டேன். இனி அங்கிகள் குளிர்காலத்தில் வீட்டுக்குள்தான் தொங்கும்.

இரண்டாவது சனிக்கிழமைதான் உண்மையான வேலை தொடங்கியது. கியர் பெட்டியின் கீழ்த் திருகாணியைக் கழற்றி அடியில் பழைய ஐஸ்கிறீம் டப்பாவை வைத்தேன். நல்ல எண்ணெய் தேன் போலவோ, பழசானால் கறுப்பாகவோ வடிய வேண்டும். முதலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அதன் பின்னால் பால் தேநீர் நிறத்தில், நுரைத்த குழம்பு ஒன்று மெதுவாக இறங்கியது. தண்ணீரும் எண்ணெயும் கடைந்து கலந்த நிறம் அது.

சித்தப்பாவை அழைத்தேன். அவர் 1990இல் இடம்பெயரும் வரை யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய படகில் தொழிலுக்குப் போனவர். டப்பாவைச் சற்றே சரித்துப் பார்த்தவர், வேறு எதையும் ஆராயவில்லை.

“தம்பி, உதுக்குள்ள தண்ணி பூந்திட்டுது. காத்தாடியைக் கழட்டு, தங்கூசி சுத்திக் கிடக்கும்.”

புறொப்பெல்லரின் நட்டைக் கழற்றி இழுத்தபோது, தண்டைச் சுற்றி நைலோன் தூண்டில் நூல் வளையலடுக்குப் போல இறுகிக் கிடந்தது. சுழற்சியின் சூட்டில் சில சுற்றுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. எப்போது சுற்றியது என்று எனக்குத் தெரியவே இல்லை. சிக்கிய நூலை அறுத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பிய நாள்கள் பல உண்டு. அந்த நூல் தண்டு வழியே உள்ளே நகர்ந்து, எண்ணெயை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் றப்பர் சீலின் உதட்டை அரிந்துவிட்டது. ஆகவே கோடை முழுவதும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. நவம்பரில் நான் மாற்றாமல் விட்ட எண்ணெயோடு அந்தத் தண்ணீரும் குளிர்காலம் முழுவதும் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். அடியில் தேங்கிய தண்ணீர் கொஞ்சம் கூடியிருந்தால் அலுமினியப் பெட்டி வெடித்திருக்கும். டோர்ச் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தோம், வெடிப்பு இல்லை. “எங்களுக்கு அங்க உப்புத்தான் சத்துரு, உங்களுக்கு இங்க ஐஸ்” என்றார் சித்தப்பா. மயிலிட்டியில் ஒவ்வொரு நாளும் கரை திரும்பியதும் நன்னீரால் எஞ்சினைக் கழுவுவார்களாம்.

மூன்றாவது சனிக்கிழமை சீல் மாற்றினோம். புறொப்பெல்லர் தண்டைத் தாங்கும் உறை இரண்டு போல்ட்டுகளால் பிடித்திருந்தது. போல்ட்டுகள் வந்துவிட்டன, உறைதான் அசைய மறுத்தது. ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஒரு மணி நேரம் காத்திருந்து, மரக்கட்டையை வைத்து வலமும் இடமுமாக மெல்லத் தட்டித்தான் வெளியே எடுத்தோம். உள்ளே இரண்டு சீல்கள் முதுகோடு முதுகு சேர இருந்தன: ஒன்று எண்ணெய்க்கு, மற்றது தண்ணீருக்கு. பழையவை எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைக் கழற்றுமுன் படம் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. புதியவற்றின் உதடுகளில் கிறீஸ் பூசி, சரியான விட்டமுள்ள சொக்கெற் ஒன்றை மேலே வைத்துத் தட்டி இறக்கினோம்.

எண்ணெய் நிரப்புமுன், மேல் துளையில் ஒரு குழாயைப் பொருத்திக் கைப்பம்பால் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை காற்றடித்து, தண்டைச் சுற்றிச் சவர்க்கார நீர் தடவிப் பார்த்தோம். குமிழி வரவில்லை, கால் மணி நேரத்துக்குப் பிறகும் அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. எண்ணெயைக் கீழ்த் துளை வழியே ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டுப் பெட்டி பாதியோடு நின்றுவிடும். மேல் துளையில் எண்ணெய் வழிந்ததும் முதலில் மேல் திருகாணியை இறுக்கினால், கீழிருந்து பம்பை எடுக்கும்போது எண்ணெய் கொட்டாது. திருகாணிகளின் வளையங்களையும் புதிதாக மாற்றினேன். சில்லறை விலைப் பொருளை மிச்சம்பிடித்துத்தான் பலர் இந்த இடத்தில் மறுபடியும் தண்ணீரை உள்ளே விடுகிறார்கள். கியர் பெட்டி கழன்றிருந்த வாய்ப்பில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் சுழலும் றப்பர்ச் சக்கரமான இம்பெல்லரையும் மாற்றினோம். பழையதன் றப்பர் இதழ்கள் ஒரு பக்கமாக மடங்கி அப்படியே விறைத்துப் போயிருந்தன.

நான்காவது சனிக்கிழமை, மே 3, ஒழுக்குப் பார்க்கும் நாள். சென்ற ஆண்டு ஒவ்வொரு பயணத்திலும் காலடியில் இரண்டு மூன்று கோப்பைத் தண்ணீர் சேர்ந்திருந்தது. வடிகாலை அடைத்து, ட்ரெயிலர்மேலேயே வள்ளத்துக்குள் தோட்டக் குழாயால் நான்கு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டேன். அதற்கு மேல் விடக்கூடாது. ஒரு லீட்டர் ஒரு கிலோ, அத்தனை பாரத்தையும் ட்ரெயிலரின் சில உருளைகள்தான் தாங்குகின்றன. பிறகு கீழே மல்லாந்து படுத்து, துணியால் அடியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். நடு இருக்கைக்குக் கீழே வரிசையாக மூன்று றிவெற் ஆணிகளின் தலையில் நீர்முத்து திரண்டது. பின்னால் நான்காவது ஒன்று வெறுமனே வியர்த்தது. நான்குக்கும் வட்டம் போட்டேன்.

தண்ணீரை வடித்துக் காயவிட்ட பின், நான் வெளியே கனத்த இரும்புக் கட்டி ஒன்றை ஆணித்தலையில் அழுத்திப் பிடிக்க, சித்தப்பா உள்ளிருந்து சுத்தியலால் வாலை அடித்து இறுக்கினார். இருவர் இல்லாமல் இந்த வேலை ஆகாது. பலமாக ஓர் அடி விழுந்தால் ஆணி பக்கவாட்டில் வளைந்து ஓட்டை பெரிதாகும். சிறு அடிகளாக, சத்தம் மாறும் வரை அடிக்க வேண்டும். தளர்ந்த ஆணி “டக்” என்று மந்தமாக ஒலிக்கிறது, இறுகியதும் ஒலி கூர்மையாகிறது. அந்த வித்தியாசத்தை என் காது பிடிக்க இரண்டு ஆணிகள் ஆயின. மேலே வள்ளத்துக்கான சீலன்ற் என்ற ஒழுக்கடைப்புப் பசையைப் பூசினோம். மறுபரிசோதனையில் மூன்று காய்ந்திருந்தன. நான்காவது இன்னும் வியர்த்தது. அதன் வால் இருக்கையின் மிதவை நுரைக்குப் பின்னால் இருப்பதால் சுத்தியல் எட்டவில்லை. இலையுதிர்காலத்தில் இருக்கையைக் கழற்றித்தான் அதைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது சனிக்கிழமை சில்லறை வேலைகள். ட்ரெயிலர் சக்கரங்களின் பெயாரிங்குகளுக்குக் கிறீஸ், டயர்களுக்குக் காற்று, எரியாத பின்விளக்கு ஒன்றுக்குப் புதிய வயர். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிவந்த பற்றரி 12.6 வோல்ற் காட்டியது. முன்பக்க இருபுறமும் உள்ள உரிம எண்ணில் உரிந்திருந்த ஓர் எழுத்தை மாற்றினேன். 15 மீற்றர் மிதக்கும் கயிறு, துடுப்பு, தண்ணீர் இறைக்கும் வாளி, விசில் எல்லாம் இருந்தன. கியர் பெட்டியின் நீர்வாய்களில் தோட்டக் குழாயோடு பூட்டிய றப்பர்ச் செவிகளை மாட்டி, வீட்டின் வெளிக்குழாயைத் திறந்து எஞ்சினைக் கிளப்பியபோது, நான்காவது இழுவையில் பிடித்துக்கொண்டது. எஞ்சினின் பக்கத்திலிருந்து தண்ணீர் மெல்லிய தாரையாகப் பாயும் வரை நான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெரிவாயிலிருந்து கையை எடுக்கவில்லை. புது இம்பெல்லர் வேலை செய்தது.

மே 17 காலை குக்ஸ் குடாவில் இறக்கினோம். இரண்டரை மணி நேரத்தில் பேர்ச் மீன் ஏழு கிடைத்தன, உள்ளே சேர்ந்த தண்ணீர் அரைக் கோப்பையும் இல்லை. கரையேற்றியதும், 2022 முதல் ஒன்ராறியோவில் சட்டமாகிவிட்டபடி, வடிகாலைத் திறந்து தண்ணீரை அங்கேயே விட்டு, ட்ரெயிலரிலும் புறொப்பெல்லரிலும் தொங்கிய பாசிக்கொடிகளைப் பிடுங்கி எறிந்தோம். வெளியிலிருந்து வந்து பரவும் வரிக்குதிரைச் சிப்பி நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஏரி இது. அதை இன்னோர் ஏரிக்குக் காவிச் செல்லும் பழியை நாங்கள் ஏற்கத் தயாரில்லை. புறொப்பெல்லருக்குப் பின்னாலும் விரலை விட்டுப் பார்த்தேன், நூல் இல்லை.

மறுநாள் காலை, இரவு முழுவதும் நேராக நின்ற எஞ்சினின் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்தினேன். தண்ணீர் உள்ளே போயிருந்தால் முதலில் அதுதான் வரும். விரலில் விழுந்த துளி தெளிந்த தேன் நிறத்தில் இருந்தது. சித்தப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “சரி, இனித் திருகாணியை இறுக்கு” என்று பதில் வந்தது.