இடியனோடு மூன்று தரம் பாதை ஏறிய கதை

மாமாவின் இடியன் துவக்குக்கு (குழல் வாய் வழியாக மருந்து இடித்துச் சுடுகிற நாட்டுத் துவக்கு) இந்த வருஷ அனுமதிப்பத்திரம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வட்டைக் (வயல்வெளி) காவலுக்கு இடியன் வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

இலங்கையில் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம்தான் இன்னமும் ஓடுகிறது, அதன்படி பத்திரம் டிசம்பர் 31ஓடு முடிந்துவிடும். வேளாண்மை குடலை தள்ளுகிற (நெற்கதிர் வரப்போகிற), யானையும் பன்றியும் வட்டைக்குள் இறங்குகிற, மழையும் விடாத அதே நாட்களில்தான் நாங்கள் துவக்கையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். விதானையின் (கிராம சேவகர்) கடிதம், பொலிஸ் அறிக்கை இரண்டும் பிரச்சினையில்லாமல் கிடைத்தன. மாமாவுக்கு எழுத்து வேலை ஒத்துவராது, அதனால் கடதாசிக் கட்டு என் கையில்.

துவக்கைச் சாக்கில் சுற்றி, மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி, குருமண்வெளியில் இறங்கி, நிற்க இடமில்லாத ஒரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பத்திரம் புதுப்பிக்கிற கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தால், மேசையிலிருந்த ஐயா குழலில் வெட்டியிருந்த இலக்கத்துக்கு டோர்ச் அடித்துப் பார்த்தார். "இதில கடைசி இலக்கம் மூன்று மாதிரிக் கிடக்கு, பத்திரத்தில எட்டு. இது வேற துவக்கு."

"வேற துவக்கா? இது எங்கட அப்பா பிடிச்ச துவக்கு ஐயா!" என்றார் மாமா.

"துருவைத் துடைச்சிட்டுக் கொண்டாங்க."

அவ்வளவுதான். ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும், ஆனால் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பின்னேரம் வீட்டில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயும் துரு இருக்குமோ என்று இடிக்கிற கம்பியைக் குழலுக்குள் விட்டேன். டிங் என்று இரும்பில் முட்ட வேண்டியது, மெத்தென்று நின்றது. வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அடிவரை போகவில்லை, நாலு விரல் குறைகிறது.

"மாமா, இது இடிச்சுக் கிடக்கு."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது போன மாரிக்கு யானை விரட்ட இடிச்சது மனே, மறந்து போச்சு" என்றார்.

கேப் (அடித்தால் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) வைக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் வெடிமருந்தையும் அதை இறுக்குகிற தும்பையும் அடைத்த துவக்கைப் பாதையிலும் பஸ்ஸிலும் சனத்துக்கு நடுவே கொண்டுபோய், மேசைக்கு மேல் அந்த ஐயாவின் வயிற்றுக்கு நேராக வைத்திருந்திருக்கிறோம்! கரிமருந்து ஈரம் படாவிட்டால் எத்தனை வருஷமானாலும் உயிரோடுதான் இருக்கும், பழசு என்று நம்ப வேண்டாம். குழலை அடுப்பில் காட்டினால் வெடித்துத் தீரும் என்று சொல்கிறவர்களிடமிருந்து தள்ளியே நில்லுங்கள். நாங்கள் கேப் பொருத்துகிற துளை வழியாக சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றினோம், வாய்ப்பக்கமும் ஊற்றினோம், ஆளில்லாத பக்கம் குழலைத் திருப்பி ஓர் இரவு முழுக்க ஊறவிட்டோம். காலையில் முறுக்குக் கம்பியால் இழுத்தபோது தும்பு வந்தது, அதற்குப் பின்னால் கறுப்புக் கூழாக மருந்து. அதன் பிறகு சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுக் கழுவினால் கூழ்முட்டை நாற்றம். சுட்ட அன்றே கழுவி எண்ணெய் போடாவிட்டால் அந்தக் கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும், எங்கள் துரு அப்படி வந்ததுதான்.

துரு போனதும் பார்த்தால் இலக்கம் மூன்றேதான். பிழை பத்திரத்தில்! பெத்தாவின் (அம்மம்மா) பெட்டியைக் கிண்டினால் அம்மப்பாவின் பழைய பத்திரங்கள் இருந்தன, எல்லாவற்றிலும் மூன்று. மாமாவின் பெயருக்கு மாற்றிய வருஷம் யாரோ எட்டு என்று எழுதியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு வந்தவர்கள் குழலைப் பார்க்காமல் எட்டையே வருஷா வருஷம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆக, எங்களைத் திருப்பி அனுப்பியவர் ஒருவர்தான் ஒழுங்காகப் பார்த்தவர், ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. பழைய பத்திரங்களை எறியாதீர்கள்.

இரண்டாம் தரம் போனோம். "ஐயா பீல்டுக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்க." மழையில் நனைந்து திரும்பினோம். போவதற்கு முன் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், புத்தி வரவில்லை.

மூன்றாம் தரம் போகுமுன் ஒரு வேலை செய்தேன். வெறுங்குழலுக்குள் கம்பியை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் தங்கச்சியின் சிவப்புக் கியூடெக்ஸால் (நகப்பூச்சு) கம்பியில் ஒரு கோடு போட்டேன். கோடு வாய் மட்டத்துக்கு மேலே நின்றால் குழலில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்த ஐயா பழைய பத்திரங்களைப் புரட்டிப் பார்த்து, எட்டை வெட்டி, மூன்று எழுதி, கையெழுத்தும் வைத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பி வருகிற வழியில் பாதை ஏறுவதற்கு முன் மாமா தானாகவே சாக்கை அவிழ்த்து, ஓடக்காரர் முழிசிப் பார்க்கப் பார்க்க, கம்பியைக் குழலுக்குள் விட்டார். டிங்.

"கியூடெக்ஸ் சரி மனே, ஏறு."