மிடில்செக்ஸ் முகவரியில் ஓர் அலுவலகம்

நிர்வாகக் கணக்கில் மிடில்செக்ஸ் மாவட்டம் 1965 ஏப்ரல் 1 அன்றே இல்லாமல் போயிற்று. பெரும்பகுதி பெருநகர லண்டனோடு சேர்ந்தது. பாட்டர்ஸ் பார் ஹெர்ட்ஃபோர்ட்ஷயருக்கும், ஸ்டெயின்ஸும் சன்பரியும் சரேக்கும் போயின. தபால் துறை மட்டும் அந்தப் பெயரை உடனே விடவில்லை. அதனால் ஹாரோவில் உள்ள எங்கள் கணக்கியல் அலுவலகத்துக்கு எழுதும் பலர் இன்றும் உறையில் மிடில்செக்ஸ் என்றே எழுதுகிறார்கள். எனக்கும் அந்த முகவரிதான் பிடித்திருக்கிறது.

இது ரயிலால் வளர்ந்த வட்டாரம். மெட்ரோபாலிட்டன் ரயில் 1880இல் ஹாரோவுக்கு வந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் வயல்கள் தெருக்களாயின. கீழே கடை, மேலே மாடி, சில இடங்களில் முகப்பில் கறுப்பு மரச்சட்டம் என்று வரிசை வரிசையாகக் கட்டினார்கள். அந்த மாடிகளில்தான் இன்று கணக்காளர்கள், பல் மருத்துவர்கள், டியூஷன் நிலையங்கள் எல்லாம் இருக்கின்றன. இடம் பார்க்க வருகிறவர்கள் வாடகையைக் கேட்கிறார்கள், ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். கட்டடத்தின் வயதை யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

இங்கே வணிக லீஸில் பழுதுபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் வாடகைதாரர் தலையில்தான் விழும். ‘நல்ல நிலையில் வைத்திருப்பேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர் நுழையும்போதே பழுதாகிக் கிடந்ததையும் அவரேதான் சீர்செய்து ஒப்படைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நீதிமன்றங்கள் அப்படித்தான் பொருள் கொள்கின்றன.

டியூஷன் நிலையம் தொடங்க வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது, “இத்தனை பக்கத்தை யார் தம்பி படிப்பது? வாடகையைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், போதும்” என்றார். “ஐயா, வாடகை உங்களுக்கு முன்பே தெரிகிற செலவு. நான் பயப்படுவது தெரியாத செலவுக்கு” என்றேன். கட்டடத்தின் நிலையைச் சோதிக்கும் சர்வேயரை அழைத்துப்போகச் சம்மதித்தார்.

சர்வேயர் நேராக மூலைக்குப் போய், பொய்க்கூரையின் சதுரப் பலகை ஒன்றைக் குடைமுனையால் மேலே தள்ளினார். உள்ளே பழைய சுண்ணாம்புக் கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் இன்னும் கருமையாக இன்னொரு வட்டம். மழை ஒருமுறை வந்து போன இடமல்ல அது. இரும்புச் சட்ட ஜன்னல்களில் ஒன்று அடுக்கடுக்கான பெயின்டில் ஒட்டிப்போய்த் திறக்கவே மறுத்தது. இதையெல்லாம் படம் எடுத்து, தேதியிட்டு, குறிப்பெழுதி, லீஸோடு இணைப்பாகச் சேர்க்கச் சொன்னோம். அப்போதிருந்த நிலையைவிட மேலான நிலையில் திருப்பித்தரக் கடமையில்லை என்றும் ஒரு வாசகம் சேர்த்தோம். உரிமையாளரின் ஏஜென்ட் முகம் சுளித்தார். இது வழக்கமான படிவம், எல்லோரும் போடுகிற கையெழுத்துதான் என்றார். நான் பார்த்தவரை, அந்தச் சொல்லை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் கடைசியில் கொடுத்த பணம் கொஞ்சமல்ல.

பிசினஸ் ரேட், அதாவது தொழில் நடத்தும் இடத்துக்கான வரி, அந்த விஷயம் எளிது. வரிக்கென மதிப்பிட்ட ஆண்டுத் தொகை 12,000 பவுண்டுக்குள் இருந்து, அந்த ஒரே இடத்தில் மட்டும் தொழில் செய்தால் முழுச் சலுகை கிடைக்கும். கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எரிசக்திச் சான்றிதழில் ‘இ’ தரத்துக்குக் கீழே உள்ள கட்டடத்தை, விலக்கு இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. வாடகை நாள்களைத்தான் கவனிக்க வேண்டும். மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்ற பழைய நான்கு தவணைகள் இன்னும் பல லீஸ்களில் இருக்கின்றன. மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கிறிஸ்துமஸ் அன்று கட்டுவது சிறு தொழிலுக்குப் பெரும் சுமை. மாதாமாதம் கட்டுகிறேன் என்று தொடக்கத்திலேயே கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு மனம் கொதிப்பது, தொழில் நடத்தும் வாடகைதாரரைக் காக்கும் 1954ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் விஷயத்தில். லீஸ் முடிந்தாலும் தொழில் நடத்துகிறவர் அங்கேயே தொடரலாம், புதிய லீஸ் கேட்கலாம். சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் உரிமையாளர் மறுக்க முடியாது. இடித்துக் கட்டுவதற்காக வெளியேற்றினால் இழப்பீடும் உண்டு. பதினான்கு வருடம் தொழில் நடத்தியிருந்தால் அது இரட்டிப்பு. இவ்வளவையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்து வாங்க ஓர் எச்சரிக்கைத் தாளும் ஓர் உறுதிமொழியும் போதும். அந்தத் தாள் கட்டோடு கட்டாக வரும். இன்னொரு படிவம் என்று நினைத்து நம்மவர்கள் போட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ஒரு தெருவில் பெயர் வாங்கப் பல வருடம் உழைக்கிறவர், அந்தத் தெருவில் தங்கும் உரிமையை ஒரு காலைப்பொழுதில் இழக்கிறார். இரண்டு வருடத் தற்காலிக இடமென்றால் விட்டுக்கொடுக்கலாம். மற்றபடி, அந்த உரிமைக்கு ஈடாக வாடகையில் உருப்படியான குறைப்பு தராத இடத்தை எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

பெரியவர் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னாளில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் பெருகி, பெரிய இடத்துக்கு அவராகவே மாறினார். உரிமையாளரின் சர்வேயர் அனுப்பிய பழுதுப் பட்டியலில் அந்தக் கூரையும் ஜன்னலும் முதல் பக்கத்திலேயே இருந்தன. பெரியவரின் வழக்கறிஞரான சொலிசிட்டர் லீஸின் இணைப்பைப் படங்களோடு திருப்பியனுப்பினார். அவ்விரண்டும் பட்டியலிலிருந்து நீங்கின. சுவருக்குப் பெயின்ட் அடித்த செலவை மட்டும் கொடுத்துவிட்டு, மீதி டெபாசிட்டில் புதிய இடத்துக்கு மேசை வாங்கினார்.