பீடோங்: தோட்டத்து மண்ணில் பழங்காசு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் போகும் பழைய சாலையில் வடக்கே போனால் பீடோங். பால்மரங்கள் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டாலும், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயம், கள்ளுக்கடை, கோயில் இருந்த இடங்களை இன்னும் அடையாளம் காட்டலாம். காசு விழுந்து கிடப்பதும் அங்கேதான்.

பழங்காலத்தில் கடல்வணிகம் நடந்த கடாரம் இந்தக் கெடாதான் என்பதால் ரோமானியக் காசு கிடைக்குமா என்ற ஆசையோடு மெட்டல் டிடெக்டரைத் தூக்கி வருவோர் உண்டு. பெரும்பாலும் கையில் வருவது சதுரச் செம்புக் காசு. நம் பாட்டன் பாட்டி கையில் புழங்கியது. அதைச் சாதாரணமாக நினைக்க எனக்கு மனம் வராது.

தேடுமுன் தோட்ட மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி. செம்மண்ணில் இரும்பு அதிகம் என்பதால் கருவி சும்மாவே கத்தும். இடம் மாறும்போதெல்லாம் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது கருவியை அந்த மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். மேற்கே சுங்கை பத்து பக்கம் பழங்காலத்தில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். இரும்புக் கசடோ, உலைக்குக் காற்று ஊதிய உடைந்த மண்குழாயோ கண்ணில் பட்டால் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். 2005 தேசிய மரபுடைமைச் சட்டப்படி தொன்மையானது என்று தோன்றும் பொருளை உடனே மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும்.

காசைக் கையில் எடுக்குமுன் அது கிடந்தபடியே ஒரு படம். ஆழம் சென்டிமீட்டரில், ஜிபிஎஸ் எண் ஐந்து தசமம் வரை. தமிழ்நாட்டில் கரூர் அமராவதி ஆற்றுமணலில் பொறுக்கிய ரோமானியக் காசுகள் ஏராளம். பலவற்றுக்கு எந்த இடம், எந்த மண்ணடுக்கு என்ற விவரம் இல்லை. அரசன் பெயர் தெரிந்தும், காசு அங்கே எப்படி வந்தது என்பதை அவற்றால் சொல்ல முடியவில்லை.

குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் மண்ணை ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் மெதுவாக நீக்கினால் போதும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருப்பதால் செம்பு அரிக்கும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

பிறகு எடை 0.01 கிராம் துல்லியத்தில், அகலம் வெர்னியர் அளவுகோலில். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து இரு பக்கமும் அளவுகோலோடு படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும். முன்பக்கத் தலை நேராக நிற்கும்போது பின்பக்கத்தின் மேல்நுனி கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறது என்பதையும் குறியுங்கள்.

சதுர ஒரு சென் காசில் பிரிட்டிஷ் அரசன் முகம் தேய்ந்திருந்தால் பின்பக்கம் பாருங்கள். ‘ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என்றிருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். 1919, 1920, 1926 ஆண்டுகள்தான். ‘கமிஷனர்ஸ் ஆஃப் கரன்சி மலாயா’ என்றால் ஆறாம் ஜார்ஜ், 1939 முதல். வட்டமாக, ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1845’ என்றிருந்தால் இன்னும் பழையது.

ரோமானிய முகமே வந்தாலும் முதலில் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் வார்ப்புக் கோடு, பரப்பில் காற்றுக்குமிழிப் பள்ளங்கள் இருந்தால் அது அநேகமாக அண்மைக்கால நகல். அதையும் இடத்தோடு பதிந்து வையுங்கள். அடுத்து அங்கே தேடுபவர் ஏமாறாமல் இருப்பார்.